பன்னிரண்டரைத் தட்டாம்பூச்சிகள்

உலையில் போட அரிசி அளக்கும்போது ஆழாக்கின் தலையைத் தட்டி அளப்பீர்களா, குவித்து அளப்பீர்களா? வெட்கப்படாமல் சொல்லுங்கள். உங்கள் அண்ணன் சாப்பிட வந்தால் குவித்தும், வீட்டுக்காரரின் தம்பி சாப்பிட வந்தால் தட்டியும் அளந்துவிட்டு, கேட்டால் இரண்டையும் ஓர் ஆழாக்கு என்றுதான் சொல்லியிருப்பீர்கள். நானும் அப்படித்தான். ஆனால் எங்கள் செங்கரிசல் ஊரில், புரட்டாசி கடைசி வியாழக்கிழமை தொடங்கி அடைமழை இறங்கும் வரைக்கும் நாற்பத்தோரு நாள், அப்படிச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாமல் போனது. யார் ஓர் அளவைச் சொன்னாலும், சொன்ன அளவு மெய்யளவிலிருந்து நூற்றுக்கு எத்தனை பங்கு விலகியிருக்கிறதோ அத்தனை தட்டாம்பூச்சி எங்கிருந்தோ வந்து அவர் தலைக்கு மேலே நின்றது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

முதலில் வந்தது கனி டெய்லர் கடைக்கு. கனி டெய்லருக்கு ஒரு பழக்கம் உண்டு. நாற்பது அங்குலம் என்று டேப் காட்டினால், வாயால் முப்பத்தெட்டு என்பார், துணியை நாற்பதுக்கு வெட்டுவார். ரவிக்கையும் பிடிக்காது, மனசும் நோகாது. இந்த ஒரு நல்ல குணத்துக்காகவே சுற்றுப்பட்டிப் பெண்கள் எல்லாரும் பஸ் ஏறி அவரிடம் வருவார்கள். அந்த வியாழக்கிழமை தலைவர் வீட்டு அக்காவுக்கு அவர் முப்பத்தெட்டு என்று சொன்னதும், சன்னல் வழியாக ஐந்து தட்டாம்பூச்சிகள் வரிசையாக உள்ளே வந்து அவர் வழுக்கைக்கு மேலே நின்றன. அக்கா அண்ணாந்து பார்த்துவிட்டு, மழை வரும்போல, காயப்போட்ட வத்தலை அள்ளணும் என்று சொல்லி எழுந்து போனார். ஐப்பசி பிறக்கப் போகிற நேரத்தில் தட்டாம்பூச்சி பறப்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

ஆனால் மழை வரவில்லை, பூச்சி வந்துகொண்டே இருந்தது. மாவு மில் பூலோகப்பாண்டி மாமாவுக்குத் தன் கைதான் தராசு என்று ஒரு பெருமை. என் பத்துக் கிலோ வத்தலைத் தூக்கிப் பார்த்துப் பத்து கிலோ நானூறு என்றார். நான்கு பூச்சி வந்தது. எனக்கு அடுத்து நின்ற என் ஓரகத்தி முப்பிடாதி அக்காவின் நாற்பது கிலோ சோளத்தைத் தூக்கிப் பார்த்து நாற்பது கிலோ நானூறு என்றார். மூன்று பறந்துபோய் ஒன்று மட்டும் நின்றது. மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அங்கேயும் நானூறு கிராம்தான் தப்பு, இங்கேயும் நானூறு கிராம்தான் தப்பு, ஒரே தப்புக்கு இரண்டு விதமாகப் பூச்சி அனுப்பினால் இது என்ன நியாயம் என்று மேலே பார்த்துக் கேட்டார். முப்பிடாதி அக்காதான் முந்தானையால் மாவுத்தூசியைத் தட்டிக்கொண்டே அவருக்குப் பதில் சொன்னாள்.

"ஒரு கை உப்பு கூடிட்டுன்னு வையுங்க மாமா. பத்து பேரு குழம்புல கூடினா வாயில வைக்க முடியாது. நாப்பது பேரு குழம்புல கூடினா யாருக்கும் தெரியாது. உப்பு அதே உப்புதான். சட்டியப் பாக்கணும்லா."

இதைத்தான் ஒன்பதாம் வகுப்பில் தப்பை மெய்யளவால் வகுத்து நூறால் பெருக்கு என்று சொல்லிக் கொடுத்தார்கள். நான் அதை மனப்பாடம் செய்து எழுதி, நாலு மார்க் வாங்கி, அப்படியே மறந்தும்போனேன். சட்டி என்று சொல்லிக் கொடுத்திருந்தால் மறந்திருக்க மாட்டேன்.

ஒரு வாரத்துக்குள் ஊர் அதைப் பழகிவிட்டது. கரண்டு போவதைப் பழகினது மாதிரி, குழாயில் தண்ணீர் ஐந்து நாளைக்கு ஒருமுறை வருவதைப் பழகினது மாதிரி, இதையும் பழகிவிட்டது. அதிகமாய் அடிபட்டவர்கள் ஆண்கள்தான், ஏனென்றால் எதற்கெடுத்தாலும் ஓர் எண்ணைச் சொல்லிப் பேசுகிறவர்கள் அவர்கள். கண்மாயில் ஒரு கிலோ கெளுத்தி பிடித்த தவசி, டீக்கடையில் வந்து ஒன்பது கிலோ என்று சொல்லி எண்ணூறு பூச்சிகளோடு வீட்டுக்குப் போனான். அவன் பொண்டாட்டி கதவைத் திறக்கவில்லை. நேற்று எங்கள் காட்டில் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் மழை என்று அளந்த சங்கரபாண்டிக்குத்தான் பெரிய சங்கடம். ஒரு சொட்டுகூட விழாத இடத்தில் தப்பை எதனால் வகுப்பது என்று பூச்சிகளுக்கே தெரியாமல், காலையிலிருந்து வந்துகொண்டே இருந்தன, நின்றபாடில்லை. பொழுது சாயும் நேரத்தில் அவர் கோயில் முன்னால் நின்று, பெய்யவில்லை, பெய்யவில்லை, பெய்யவே இல்லை என்று மூன்று தரம் சொன்ன பிறகுதான் வானம் தெரிந்தது. இந்த இரண்டு பேரையும் பார்த்துத்தான் ஊர் ஒரு சூட்சுமத்தைக் கண்டுகொண்டது. குறைத்துச் சொல்கிறவனுக்கு எப்படிச் சொன்னாலும் நூறு பூச்சிக்கு மேல் வராது, கூட்டிச் சொல்கிறவனுக்குத்தான் கணக்கே கிடையாது. அன்றிலிருந்து டீக்கடையில் எல்லா மீனும் அயிரை மீனாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் வேல்சாமி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வீட்டு வாசலில் நின்று இரண்டு நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்றார், தொண்ணூற்றைந்து பூச்சி வந்து அவர் முகத்தை மறைத்தது. நான் எண்ணிப் பார்த்துவிட்டு, சரி, நாற்பது நிமிஷம் என்று கணக்குப் போட்டு, நிதானமாகத் துணி துவைக்கப் போனேன். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அவர் எப்போது வருவார் என்று எனக்குச் சரியாகத் தெரிந்தது அந்த நாற்பத்தோரு நாள்தான்.

ஆட்கள் சுமார் என்று சேர்த்துப் பார்த்தார்கள், ஏறக்குறைய என்று சொல்லிப் பார்த்தார்கள், ஒரு பத்துப் பதினைந்து என்று இழுத்துப் பார்த்தார்கள். பூச்சிகளுக்குச் சுமார் என்ற சொல் காதில் விழவில்லை. கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்கள் மாப்பிள்ளையின் உயரத்தைச் சொல்லிவிட்டு மாப்பிள்ளையைப் பார்க்காமல் உத்தரத்தைப் பார்த்தார்கள். கோயில் கமிட்டிக்காரர்கள் கண்மாயின் ஆழத்தைத் தெரிந்துகொள்ள, கரையில் உட்கார்ந்து ஆளுக்கோர் எண்ணாகச் சொல்லி, பூச்சியே வராத எண் வரும்வரை சொல்லி, பத்தடி நான்கு அங்குலம் என்று எழுதிக்கொண்டார்கள். ஒருவர் கால்கூட நனையவில்லை. பால்வாடி ஆயாக்கா தனக்கு முப்பத்தாறு வயசு என்று சொல்லி இருபது பூச்சி வாங்கிக்கொண்டு, வயசெல்லாம் ஓர் அளவா என்று இரண்டு நாள் சண்டை போட்டார். பெண்களுக்கு அவ்வளவாகத் தொந்தரவில்லை. ஒரு கை, ஒரு சிட்டிகை, வாசம் வரும்வரை, பதம் பார்த்து என்று சமைக்கிறவளிடம் எந்தப் பூச்சி வந்து என்ன கேட்க முடியும்?

ஊர் இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நாட்களில் நான் மட்டும் வாசல் வரைக்கும்தான் சிரித்தேன். காரணம் என் தகரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது.

முதல் நாளே, நான் எந்த அளவையும் சொல்வதற்கு முன்னாலேயே, என் பெட்டியின் மேல் பன்னிரண்டரைத் தட்டாம்பூச்சிகள் வந்து உட்கார்ந்துவிட்டன. அரை எப்படி என்று கேட்காதீர்கள். பதின்மூன்றாவதுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் சிறகு. வால் பாதியில் நின்றிருந்தது. பறந்தால் வட்டம் போட்டது. என் மகள் தன்ஷிகாவுக்கு அதைத்தான் ரொம்பப் பிடித்தது. பெட்டிக்குள்ளே அவளுடைய எடை அட்டை இருந்தது. பால்வாடியில் மாசாமாசம் நிறுத்து எழுதித் தருவார்களே, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டை பட்டையாகப் போட்ட அட்டை, அது. அதில் போன மாசத்துக்கு ஒன்பது கிலோ என்று பச்சையில் புள்ளி வைத்திருந்தது. வாயால் சொன்னால்தான் என்றில்லை, எழுதி வைத்தால் அது நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிற மாதிரிதானே.

அந்த ஒன்பது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பிள்ளையை வெறுமனே நிறுக்க மாட்டோம். கண் பட்டுவிடும். பேச்சியம்மன் பீடத்துக் கீழே கிடக்கும் கல்லில் ஒன்றை எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, தராசுத் தொட்டிலில் பிள்ளை மடியில் வைத்துத்தான் நிறுப்போம். காவல் கல் என்று பேர். பால்வாடி ஜெசிந்தா டீச்சர் கடலோரத்திலிருந்து வந்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் கல்லை எடுக்கச் சொல்லிப் பார்த்தார். இரண்டு மாசம் ஒரு பிள்ளைகூட வரவில்லை. அதற்குப் பிறகு கல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டு, வருகிற எடையில் கால் கிலோவைக் கழித்து எழுதுவார். எல்லாக் கல்லும் கால் கிலோதான் இருக்கும் என்பது அவருடைய நல்ல மனசு.

முப்பிடாதி அக்காவின் மகன் இசக்கிராஜாவும் என் தன்ஷிகாவும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். அவன் பூசணிப் பிஞ்சு மாதிரி இருப்பான். என் பிள்ளை முருங்கைக்காய். கல்யாண வீட்டில், சடங்கு வீட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். என் அத்தை, பாலெல்லாம் எங்கே போகுதோ என்று சுவரிடம் கேட்பார். ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு எட்டுக் கிலோ என்றால் அட்டையில் மஞ்சள் என்று எனக்குத் தெரியும். நான் என்ன செய்தேன், அம்மன் பீடத்துக் கீழே கையை நன்றாக உள்ளே விட்டு, ஒன்றேகால் கிலோக் கல்லை எடுத்தேன். கல்லும் பிள்ளையும் ஒன்பதேகால், டீச்சர் கால் கிலோ கழித்தார், ஒன்பது, பச்சை. அதே வரிசையில் பின்னால் நின்ற இசக்கிராஜாவுக்கும் ஒன்பது. இரண்டு பிள்ளையும் ஒரே எடை என்று வெளியே வந்து கேட்காதவர்களுக்கும் சொன்னேன். பூசணியும் முருங்கையும் ஒரே எடையா என்று ஒருவரும் கேட்கவில்லை. அட்டையில் எழுதியிருக்கிறதே.

அந்தப் பூச்சிகளைத்தான் நான் பழைய சேலையைப் போட்டு மூடி வைத்திருந்தேன். சேலைக்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டன. அத்தை கேட்டதற்கு, பெட்டிக்குள் அந்துருண்டை வாசம், அதற்கு வருகிறது என்றேன். ஊரில் அப்படி ஒரு பொய் அந்த நேரத்தில் ரொம்பத் தைரியமான பொய்தான், ஆனால் அதில் எண் இல்லாததால் பூச்சி வரவில்லை.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் தன்ஷிகாவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. மாதுளைத் தோல் கொடுத்தேன், ஓமத்தண்ணி கொடுத்தேன். நின்ற மாதிரி நின்று மறுபடியும் போனது. சோறு பிசைந்து கொடுத்தால் வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டாள். அத்தை பல் முளைக்கிறது என்றார், என் வீட்டுக்காரர் உரம் விழுந்திருக்கும் என்றார், பிள்ளை சிரிக்கத்தான் செய்கிறாள் என்று நானும் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் பெட்டியைப் பார்க்கிறேன், அரைப் பூச்சியைக் காணோம். அதன் இடத்தில் முழுசாக ஒன்று உட்கார்ந்திருந்தது. எண்ணினேன், பதின்மூன்று. சரி, அதற்கும் மறுபக்கம் சிறகு முளைத்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் பதினான்கு. அதற்கடுத்த நாள் பதினைந்து, பக்கத்தில் வாலில்லாமல் ஒரு துண்டு. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நான் ஒரு தடவைதானே தப்புச் சொன்னேன், அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லையே, வட்டி போடுகிற மாதிரி இதென்ன நாளுக்கொன்று கூடுகிறது என்று துடைப்பத்தை எடுத்து விரட்டினேன். எழுந்தன, ஒரு சுற்றுச் சுற்றின, அதே இடத்தில் அதே வரிசையில் உட்கார்ந்தன.

பதினேழு இருந்த அன்றைக்கு, உலைக்கு அரிசி அளந்துகொண்டிருந்தேன். முப்பிடாதி அக்கா மில்லில் சொன்னது தற்செயலாக ஞாபகம் வந்தது. உப்பு அதே உப்புதான், சட்டியைப் பார்க்கணும். நான் எழுதவைத்த ஒன்பது அதே ஒன்பதுதான். அது நகரவில்லை. நகர்ந்தது சட்டி. பொய் பெரிதாகவில்லை, அந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்து பூச்சிக்குக் கை நீட்டிக்கொண்டிருக்கிற என் பிள்ளை சிறிதாகிக்கொண்டிருந்தாள்.

தூக்கிப் பார்த்தேன். தாய்க்குக் கை தராசு என்பார்கள், எங்கள் பூலோகப்பாண்டி மாமாவின் கைக்கும் என் கைக்கும் வித்தியாசமில்லை. தினமும் தூக்குகிற கைக்கு ஒன்றும் தெரியவில்லை. கால் தண்டை மட்டும் முன்னைவிட எளிதாகக் கழன்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை பால்வாடியில் எடை போடுகிற நாள். அன்று காலையில் பெட்டியின் மேல் சரியாக இருபது. கரித்துண்டை எடுத்து அடுப்படிச் சுவரில் கணக்குப் போட்டேன். எட்டு என்று வைத்துப் போட்டேன், ஒத்துவரவில்லை. ஏழே முக்கால் வைத்தேன், பதினாறு சொச்சம் வந்தது. ஏழரை வைத்தேன். ஒன்பதில் ஏழரை போக ஒன்றரை, ஒன்றரையை ஏழரையால் வகுத்து நூறால் பெருக்கினால் இருபது.

இனி எனக்கு இரண்டு வழி. பழைய கல்லையே கொண்டுபோனால், டீச்சர் எட்டரை என்பார், பச்சையின் ஓரத்தில் புள்ளி வைப்பார், யாருக்கும் ஒன்றும் தெரியாது, டீச்சர் தலைக்கு மேல் வரும் பூச்சிக்கு ஊர் டீச்சரைத்தான் கேலி பண்ணும். கல்லின் கதையைச் சொன்னால், என் அத்தை சுவரை விட்டுவிட்டு என்னிடமே கேட்பார், முப்பிடாதி அக்கா இந்த ஜென்மத்துக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள், ஆனால் மஞ்சள் பட்டைப் பிள்ளைக்குக் கொடுக்கிற கூடுதல் சத்துமாவும் முட்டையும் டாக்டர் சீட்டும் தன்ஷிகாவுக்குக் கிடைக்கும்.

போய்ச் சேரும்போது பால்வாடியில் பெரிய பஞ்சாயத்து. முதல் மூன்று பிள்ளைகளுக்கு எடை சொன்னதிலேயே டீச்சர் தலையைச் சுற்றி மூன்று பூச்சி. அவர் பாவம், தராசு முள் காட்டியதைத்தான் படித்தார், வழக்கமான கால் கிலோவைத்தான் கழித்தார். கல்லை எடுத்துவிடுவோமே என்று கெஞ்சுகிற குரலில் கேட்டார். கல்லை எடுத்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்று அம்மாக்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். காவல் இல்லாமல் எப்படி நிறுப்பது என்பது அவர்கள் கேள்வி, காவலையும் சேர்த்து எப்படி எழுதுவது என்பது இவர் கேள்வி. இரண்டிலும் நியாயம் இருந்தது.

நான் பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு சொன்னேன்.

"கல்லு இருக்கட்டும் டீச்சர். மொதல்ல கல்ல மட்டும் நிறுப்போம். பொறவு பிள்ளையோட சேத்து நிறுப்போம். அதுல கல்லக் கழிச்சிட்டா மிச்சம் பிள்ளதான்."

டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை வருஷம் இது எனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது. அம்மாக்களும் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மனுக்கும் குறையில்லை, அட்டைக்கும் குறையில்லை. ஒவ்வொரு மஞ்சள் முடிச்சாகத் தராசுக் கொக்கியில் தொங்கியது. முந்நூறு கிராம், இருநூறு, நானூறு, இருநூற்றைம்பது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சிரிப்பு, நானூறுக்குக் கொஞ்சம் பெரிய சிரிப்பு. அப்புறம் என் முறை வந்தது. நான் முடிச்சைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கையை எடுத்தேன். முள் ஒன்றைத் தாண்டிப் போய் நின்றது.

ஆயாக்காதான் ஆரம்பித்தார்.

"ஏ மாரி, காவலுக்குக் கல்லக் கேட்டா, ஆட்டுரலையே தூக்கிட்டு வந்துட்டியே தாயி."

கட்டடமே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. சிரித்துக்கொண்டே சொன்னேன், போன மாசம் இதே கல், எட்டை ஒன்பது என்று எழுதவைத்தது நான்தான், டீச்சர் மேல் தப்பில்லை, இன்றைக்கு இருப்பது ஏழரை. ஏழரை என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. பிள்ளையைத் தொட்டிலில் வைத்தார்கள். கல்லும் பிள்ளையும் எட்டே முக்கால். டீச்சர் ஒன்பதை அடித்துவிட்டு எட்டு என்றும், கீழே ஏழரை என்றும் எழுதி, மஞ்சளில், சிவப்புக்கு ஒரு நூல் மேலே, புள்ளி வைத்தார். அந்தப் புள்ளி காய்வதற்குள் எங்கள் தெருப் பக்கமிருந்து இருபது தட்டாம்பூச்சிகள் வரிசையாக வந்தன. பால்வாடி வாசல் வழியாக ஒரு தரம் உள்ளே எட்டிப் பார்த்தன. கிழக்கே கண்மாய்ப் பக்கம் போயின. ஒன்று மட்டும் போகாமல் தராசு முள்ளின் மேல் உட்கார்ந்துகொண்டது. நான் அதைப் பயத்தோடு பார்ப்பதைக் கண்டு டீச்சர் சிரித்தார்.

"அது ஒன்னோடது இல்ல மாரி, தராசோடது. அம்பது, நூறு கிராம் முன்னப்பின்ன ஆனா இதுக்குக் கண்ணு தெரியாது. ஒரு பூச்சியாவது மிச்சமில்லாம எந்தத் தராசும் நிறுக்காது. இருந்துட்டுப் போட்டும்."

அடுத்தது இசக்கிராஜா. முப்பிடாதி அக்கா எழுந்திருக்கவில்லை. அவள் எவ்வளவு சத்தமாகச் சிரிப்பாள் என்று நான் காத்திருந்தேன். அவளோ கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற நேரம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். கல்லை நிறுத்தாள், இருநூற்றைம்பது, ஒரு குறையும் இல்லை. பிள்ளையைத் தொட்டிலில் வைத்தாள். வைத்துவிட்டு, பிள்ளை பயப்படுவான் என்று போன மாசமும் அதற்கு முந்தின மாசமும் எப்படித் தொட்டிலுக்கு அடியில் கையை வைத்துத் தாங்கிக்கொண்டு நின்றாளோ, அதே மாதிரி கையைக் கொண்டுபோனாள். பாதியில் கை நின்றது. கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள். முள் பத்தேகாலுக்குப் போனது.

இசக்கிராஜா பத்துக் கிலோ. அவன் அட்டையிலும் ஒன்பதுதான் எழுதியிருந்தது.

"எங்க வீட்டுப் பரண் மேலயும் பத்து பூச்சி இருக்குடி மாரி," என்றாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். "நீ பாக்குற பார்வைக்குப் பயந்துதான் தாங்கிப் பிடிச்சேன்."

அவளுக்கும் ஒரு கிலோ தப்பு, எனக்கும் ஒரு கிலோ தப்பு. அவளுக்குப் பத்து, எனக்குப் பன்னிரண்டரை. பெரிய சட்டி, சின்னச் சட்டி. நான் அவள் சிரிப்புக்குப் பயந்து ஏற்றினேன், அவள் என் கண்ணுக்குப் பயந்து இறக்கினாள், இரண்டு பேரும் ஒன்பதில் வந்து கைகுலுக்கிக்கொண்டு நின்றிருக்கிறோம், அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

அன்றைக்கே டாக்டர் சீட்டு வாங்கி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எத்தனை நேரம் ஆகும் என்று நான் கேட்டதற்கு என் வீட்டுக்காரர் வாயைத் திறக்காமல் வண்டியை எடுத்தார். உப்புச் சர்க்கரைக் கரைசலும் வேளாவேளைக்கு மருந்தும் கொடுத்தோம். ஐந்தாம் நாள் தன்ஷிகா தானே கிண்ணத்தை இழுத்தாள். சத்துமாவு உருண்டையை ஒரு கையிலும் முட்டையை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு எதை முதலில் தின்பது என்று அவள் யோசித்ததைப் பார்த்து, அத்தை சுவரிடம் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் இன்னொரு முட்டையை அவித்தார். முப்பிடாதி அக்கா இசக்கிராஜாவை எங்கள் வீட்டிலேயே கொண்டுவந்து உட்காரவைத்துச் சோறூட்டினாள். அவன் தின்பதைப் பார்த்து இவள் வாயைத் திறப்பாள் என்பது அவள் கணக்கு. அது பலித்தது.

நாற்பத்தோராம் நாள் மத்தியானம் மழை இறங்கியது. எத்தனை சென்டிமீட்டர் என்று யாரும் சொல்லத் துணியவில்லை. மறுநாள் ஒரு பூச்சிகூட இல்லை. கனி டெய்லர் மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நாற்பதை முப்பத்தெட்டு என்றார், மேலே பார்த்தார், ஒன்றும் வரவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். தவசியின் மீன் மறுபடியும் வளர ஆரம்பித்தது. என் வீட்டுக்காரருக்கு எல்லாமே இரண்டு நிமிஷமாகிவிட்டது. ஊர் சுமாரும் ஏறக்குறையவுமாகப் பழையபடி சந்தோஷமாகிவிட்டது.

கார்த்திகை மாச எடைக்குப் போனோம். கல்லைத் தனியே நிறுக்கிறது மட்டும் வழக்கமாக நிலைத்துவிட்டது. நான் இந்த முறை ஒரு எலுமிச்சம்பழ அளவுக் கல்தான் எடுத்தேன், முந்நூறு கிராம். தன்ஷிகாவைத் தொட்டிலில் வைத்ததும் முள் ஆட ஆரம்பித்தது. எட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனது, இந்தப் பக்கம் வந்தது. டீச்சர் வேறொரு பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டே, முள் நின்றதும் பார்த்துச் சொல்லு மாரி, எழுதிக்கிறேன் என்றார்.

நான் குனிந்தேன். முள் இன்னும் நிற்கவில்லை, என் கண் அதற்குள் போய் எட்டரையில் நின்றுகொண்டு அதை வா வா என்று கூப்பிட்டது. மேலே பார்த்தேன். ஓட்டுக்குக் கீழே வெறும் ஒட்டடைதான் இருந்தது. சொல்லித்தர ஒரு பூச்சி இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பின்னால் இசக்கிராஜாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவளின் முந்தானையைப் பிடித்து முன்னால் இழுத்தேன்.

"அக்கா, நான் படிச்சா கூட்டித்தான் படிப்பேன். இவ முள்ள நீங்க படிங்க. உங்க பிள்ள முள்ள நான் படிக்கேன்."